மச்சாள் தந்த ஊத்தைப் பஞ்சு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் பக்கத்து வளவுக்குப் போய்விடுவார்கள். அங்கே என் மாமா மகளின் மீன் தொட்டி இருந்தது. என் கணவரும் அதன் முன்னால்தான் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மட்டக்களப்பு டவுனில் அவளுடையதைவிடப் பெரிய தொட்டியாக வாங்கினேன். அன்றைக்கே தங்கமீன்களை நிறைய விட்டேன். தண்ணீரை வடிகட்டும் அவளுடைய பில்டர் பஞ்சு பழுப்பேறிக் கிடக்கும். என்னுடையதைத் தினமும் குழாய்த் தண்ணீரில் வெள்ளை வெளேரென்று கழுவினேன்.

ஒரு கிழமைக்குள் தண்ணீர் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று செத்து மிதந்தது. அப்போதும் அவளிடம் கேட்க மனம் வரவில்லை.

கணவர்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவளே ஒரு கோப்பையோடு வந்தாள்.

"மச்சாள், மீன்ட கழிவால அமோனியா ஏறிட்டு. அதைத் தின்னுற நல்ல கிருமி இந்த ஊத்தையிலதான் இரிக்கி. கழுவினா செத்துரும். தினமும் கொஞ்சம் தண்ணி மாத்துங்க, சாப்பாட்டைக் குறைங்க."

கோப்பையில் இருந்தது அவளுடைய பஞ்சின் பாதி. வெட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"அப்ப உங்கட மீன்?"

"அதுகள் சமாளிக்கும்."

மற்ற மீன்கள் பிழைத்தன. இப்போது வருகிறவர்கள் என் தொட்டியின் முன்னாலும் நிற்கிறார்கள். நான் மட்டும் மூலையிலுள்ள அந்தப் பாதிப் பஞ்சைப் பார்க்கிறேன். அவளுடைய மீன்கள் திணறியிருந்தால் நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பேன். அவளோ வெட்டித் தந்தாள். தொட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டபோது கடைக்குப் போய் ஒன்று வாங்கினேன். இந்த மனதுக்கு எந்தக் கடைக்குப் போவது?