செவலைக்குக் கிண்டிய களி

பாலக்கோடு தக்காளி மார்க்கெட் வாசலில் டீக்கடை வைத்திருக்கிறேன். என் பெயர் அன்பு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், நாய் என்றாலே எனக்கு ஆகாது. பெஞ்சுக்கு அடியில் வந்து படுப்பதும், பன் வாங்கியவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பதும், சே! வெந்நீர்ச் சொம்பைத் தூக்கிக் காட்டி மிரட்டுவேன். ஊற்ற மாட்டேன் என்று அவற்றுக்குத் தெரியும் போலிருக்கிறது, ஒன்றும் அசையாது. அப்பேர்ப்பட்ட நான் ஒருத்தியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வருகிறேன் என்றால், அவள் எப்படிப்பட்டவள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மேனகா மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவள். காயைத் தனியாக, பழத்தைத் தனியாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். கை எவ்வளவு வேகமாக ஓடுமோ அவ்வளவு வேகமாக வாயும் ஓடும். என் டீயைச் சுடுதண்ணி என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு இன்னொன்று கேட்பாள். புருஷன் லாரியில் போய்விட்டால் வீட்டில் அவளும் மாமியார் ராஜாமணியும்தான்.

பொங்கல் என்றால் மார்க்கெட்டுக்கு லீவு. லோடு இல்லை, ஆள் இல்லை, சாப்பாட்டுக் கடை இல்லை. ஊரே இலை போட்டுச் சாப்பிடுகிற நாளில் இங்கே கிடக்கிற நாய்களுக்கு மட்டும் பட்டினி. இதை நானும்தான் வருஷா வருஷம் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மாட்டுப் பொங்கலன்று, மண்டியில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்குப் போசியை எடுக்க வந்தாள் மேனகா. பரோட்டா கட்டி வந்த பழைய பேப்பரை ஒரு நாய் மென்று தின்றுகொண்டிருந்தது. மாட்டுக்குப் பொங்கல் வைக்கிறோம், கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிறோம், ராத்திரியெல்லாம் சரக்குக்குக் காவல் இருக்கிறதுகளுக்கு ஒன்றும் கிடையாதா என்று என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டாள். என்னவோ நான்தான் பேப்பரை ஊட்டிவிட்ட மாதிரி!

மறு வருஷத்திலிருந்து ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் நாய்களுக்கென்று தனிப் பலகாரம். ராகி மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய், முட்டை, அவித்துப் பொடியாக நறுக்கிய கோழி ஈரல். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, சின்னச் சின்ன வில்லையாகத் தட்டி, தோசைக்கல்லில் மொறுமொறுவென்று சுட்டு எடுப்பாள். உப்பு இல்லை, வெல்லம் இல்லை, வெங்காயம் பக்கத்திலேயே வரக்கூடாது. எலும்பு மாதிரி அச்சில் செய்தால் அழகாக இருக்குமே என்று யாரோ சொன்னதற்கு, அதுங்க என்ன போட்டோ எடுத்தா வெக்கப்போவுது என்றாள்.

போன வருஷக் கடைசியில்தான் வினை வந்தது. செவலை என்கிற பெட்டை நாய், காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் குட்டி போட்டிருந்தது. தெரியாமல் பெட்டி எடுக்கப் போன லோடு ஆளைக் கடித்துவிட்டது. அவனுக்கு ஊசி எல்லாம் போட்டு ஆள் தேறிவிட்டான். ஆனால் அன்று கம்படி வாங்கிய செவலை அதற்குப் பிறகு மனுஷர் யாரையும் கிட்டே விடுவதில்லை, மேனகாவையும்தான். மண்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். பொங்கல் கழிந்ததும் அத்தனை நாயையும் வண்டியில் ஏற்றி ஏரியூர்ப் பக்கம் காட்டில் விட்டுவிடுவது என்று முடிவு. காட்டில் விட்டால் என்ன ஆகும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

மேனகா நேராக மண்டிக்காரர் சென்னப்பனிடம் போனாள். எல்லா நாய்க்கும் வெறிநாய் ஊசி போட்டுவிட்டால் விட்டுவிடுவீர்களா என்று கேட்டாள். அவர் கறார் ஆள்.

"மத்ததுங்கள வுடும்மா. அந்தச் செவலைக்கு ஊசி போட்டுக் காட்டு. என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா வண்டி வரும்."

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்கு வந்திருந்த கால்நடை டாக்டர் இளம்பரிதியைப் பிடித்து, மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் வரச் சம்மதிக்க வைத்தாள். ஈரல் வாசனைக்குச் செவலை கையருகே வரும், தின்கிற நேரத்தில் பின்னாலிருந்து ஊசி. இதுதான் திட்டம்.

அன்றைக்கு நான் கடையைத் திறந்திருக்கவில்லை. வீடு கடைக்குப் பின்னால்தான் என்பதால் வேடிக்கை பார்க்க நின்றேன். டாக்டர் வந்தார், சென்னப்பன் புது வேட்டியில் வந்தார். மாமியாரோடு மேனகா வந்து, என் பெஞ்சின் மேல் பாத்திரத்தை வைத்துத் திறந்தாள். குப்பென்று ஏலக்காய் வாசம்!

ஒரு வில்லையைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது. விஷயம் இதுதான். விடிகாலையில் மாவைப் பிசைந்து வைத்துவிட்டு மாடு கழுவப் போயிருக்கிறாள். சுட்டு எடுக்கும் பொறுப்பு ராஜாமணியம்மாவுக்கு.

"நல்ல நாளும் அதுவுமா சப்புன்னு எப்படி கண்ணு வெக்கறது? அதுங்களுக்கும் பொங்கல்தான? அதான் வெல்லம், ஏலக்காய், உப்பு, உலர்ந்த திராட்சை எல்லாம் போட்டேன். பல்லுல சிக்கப்போவுதுன்னு திராட்சையை அம்மியில வெச்சு நசுக்கித்தான் போட்டேன்" என்றார் அந்த அம்மா, பெருமையாக.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும், ஒரு வில்லைகூடப் போடாதீர்கள் என்றார். பொறுக்கி எடுக்கவும் வழியில்லை. ராஜாமணியம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானாக இருந்தால் அந்த இடத்தில் சாமியாடியிருப்பேன். மேனகா மாமியாரின் தோளில் கை வைத்து, "ஆசையாத்தான போட்டீங்க அத்தை, வுடுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அடுப்பப் பத்த வையுங்க."

எங்கள் பக்கம் ராகி மாவு இல்லாத வீடு ஏது? என் பெண்டாட்டி மாவு கொடுத்தாள், கடை முட்டையை நான் எடுத்துக் கொடுத்தேன். முனகிக்கொண்டேதான் கொடுத்தேன், அது வேறு விஷயம். கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டி, பானையை இறக்கிக் காலால் அணைத்துக்கொண்டு, துடுப்பால் அவள் களி கிண்டிய வேகத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவித்த முட்டையை உதிர்த்துப் போட்டு, உப்பில்லாமல் உருண்டை பிடித்து, முறத்தால் விசிறி ஆறவைத்தாள்.

மற்ற நாய்கள் எல்லாம் வந்தன, தின்றன, ஊசியும் போட்டுக்கொண்டன. செவலை மட்டும் காலிப் பெட்டிகளின் சந்திலிருந்து வெளியே வரவில்லை. ஈரல் இருந்தால் அந்த வாசனைக்காவது வந்திருக்கும், வெறும் களிக்கு வருமா? உருண்டையை வீசினாள், மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. டாக்டர் கிளம்பவேண்டிய நேரம். சென்னப்பன், அவ்வளவுதான் என்பது போல வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்.

மேனகா தட்டை எடுத்துக்கொண்டு போய், சந்துக்கு முன்னால் மண் தரையில் உட்கார்ந்தாள். செவலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தட்டைப் பக்கத்தில் வைத்து, அந்த உப்புச் சப்பில்லாத களியைப் பிட்டுத் தானே தின்ன ஆரம்பித்தாள். பண்டிகை நாளில், புதுச் சேலையோடு! திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. பாவி மகளே, கடித்துத் தொலைக்கப் போகிறதே என்று வாய்க்குள்ளேயே திட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் பெட்டிக்கு மேல் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு தலை. செவலை வந்து, அவள் தின்ற அதே தட்டில் வாய் வைத்தது. டாக்டர் பூனை மாதிரி அதன் பின்னால் வந்து ஊசியைக் குத்தினார். வெடுக்கென்று திரும்பிய செவலை மேனகாவின் மணிக்கட்டைக் கவ்விவிட்டது.

அவள் கையை இழுக்கவில்லை.

"ஆச்சும்மா, ஆச்சு. நீ சாப்புடு" என்றாள், மெதுவாக.

செவலை அவள் முகத்தையே பார்த்தது. பிறகு வாயைத் திறந்து கையை விட்டுவிட்டு, மறுபடி களியைத் தின்னப் போனது. மணிக்கட்டில் எச்சில்தான் இருந்தது, பல் பட்ட தடமே இல்லை.

சென்னப்பன் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். டாக்டரிடம் திரும்பிக் கேட்டார்.

"அடுத்த ஊசி எப்பங்க?"

"வருஷா வருஷம் போடணுங்க."

"அப்ப அடுத்த மாட்டுப் பொங்கலுக்கும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குத் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மேனகா, களி ஒட்டிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். செவலை தலையைத் தூக்காமல் தட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தது.