துக்க வருஷத்தில் ஒரு பஃபே

என் கணவர் இறந்த வருஷமே நான் ஈப்போ டவுனில் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். சிவப்பு பஞ்சாபி உடை போட்டுக்கொண்டு, நெற்றியில் பொட்டும் வைத்துக்கொண்டுதான் போனேன். இதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ சொல்லி நீங்கள் கேள்விப்பட வேண்டாம்.

எங்கள் கல்யாண நாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போவது எங்கள் வழக்கம். மகள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவள்தான் முதன்முதலாகக் கூட்டிப்போனாள். காலைச் சாப்பாடும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை, நடுவில் இது என்ன சாப்பாடு என்று வழியெல்லாம் முணுமுணுத்த மனுஷர், உள்ளே நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார். பனிக்கட்டிமேல் எறாவும் நண்டும் குவிந்து கிடந்தன. ஆட்டுத் தொடையை அப்படியே சுட்டு வைத்து, கேட்கக் கேட்க வெட்டிக் கொடுக்க ஓர் ஆள் நின்றார். அந்தப் பக்கம் தோசை, இந்தப் பக்கம் சீனர்களின் கோய்த்தியாவ் நூடுல்ஸ், பெயர் தெரியாத கேக்குகள் ஒரு மேசை நிறைய. அடுத்த வருஷம் கல்யாண நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவர் மகளுக்கு ஞாபகப்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சாப்பாட்டில் அவருக்கு ஒரே ஒரு குறைதான். உறைப்பு பற்றாது. அதனால் சின்ன போத்தலில் எலுமிச்சை ஊறுகாய் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். ஈப்போவை ஒட்டிய லகாட்டில் இருக்கும் அவருடைய அக்கா போடும் ஊறுகாய் அது. வருஷம் தவறாமல் தம்பிக்கு ஒரு ஜாடி வந்துவிடும். ஹோட்டல்காரர்கள் பார்த்தால் மானம் போகும் என்று மகள் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நான் எறாவை உரித்து உரித்து வைக்க வேண்டும், அவர் ஊறுகாயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அவருக்குக் கடைசிவரை எறா உரிக்க வரவில்லை.

கருமாதி முடிந்த அன்று அந்த அக்காதான், அதாவது என் நாத்தனார், என்னை உட்கார வைத்துச் சட்டம் சொன்னார். ஒரு வருஷத்துக்குக் கல்யாணம் காட்சி என்று எங்கும் போகக் கூடாது. விருந்தில் கை நனைக்கக் கூடாது. கலர் உடுத்தக் கூடாது, பொட்டு கூடாது. நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஆனால் அன்றைக்கு அழுவதற்கே நேரம் போதவில்லை. மறுவாரம் கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குத் திரும்பியபோது பொட்டு வைத்துக்கொண்டுதான் போனேன். வந்த சொந்தக்காரர்கள் என் முகத்தைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்துப் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கல்யாண நாள் நெருங்கியபோது, இந்த வருஷம் வேண்டாம்தானே என்று மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். மூன்று பேருக்கு மேசை சொல் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நாங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. ஆனால் படையல் போடும் முறை மட்டும் மாறவில்லை. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்போம். கறி, முட்டை, சுருட்டு, ஒரு போத்தல் பீர், எதுவானாலும் சரி. வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரே அறை என்பதால் குடும்பம் மொத்தமும் வாசலில் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மூத்தவர் ஒருவர் இருமிக் குரல் கொடுத்துவிட்டுக் கதவைத் திறப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு.

வீட்டில் செய்வதை ஹோட்டலில் செய்தால் என்ன என்று நினைத்தேன். அவருக்குப் பிடித்தது அங்கேதானே இருக்கிறது.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நான் முதலில் நிரப்பியது அவர் தட்டைத்தான். ஆட்டுத் தொடையில் கொழுப்போடு ஒரு துண்டு, கொஞ்சம் கோய்த்தியாவ், உரித்த எறா ஒரு குவியல். கைப்பையில் இருந்து போத்தலை எடுத்து, தட்டின் ஓரத்தில் ஊறுகாய் வைத்து, போத்தலைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, தட்டை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். எழுந்து நகர வேண்டியதுதான் பாக்கி. அப்போது மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அத்த வந்துருக்காங்க. அந்தப் பக்கம் மேச மாத்திக்கலாம்மா."

திரும்பிப் பார்த்தேன். தூரத்து மேசையில் பலூன் கட்டியிருந்தது. பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் போல. பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக என் நாத்தனார் எழுந்து நின்று, என் சிவப்பு உடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மேசை மாறினால் நாளைக்கு ஊரே மாற வேண்டி வரும். நான் நகர மாட்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

நாத்தனார் நேராக எங்கள் மேசைக்கு வந்தார்.

"என்னம்மா இது? அவன் போயி இன்னும் வருஷம் திரும்பல. இந்தக் கோலத்துல விருந்து சாப்பிட வந்துருக்க. நாலு பேரு பாத்தா என்ன சொல்வாங்க?"

"நீங்களும் சாப்பிடத்தானே வந்துருக்கீங்க, அக்கா."

"எனக்குக் கருமாதியோட துடக்கு கழிஞ்சிருச்சு. நான் கட்டிக் குடுத்த பொண்ணு. நீ பொண்டாட்டி லா."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான். கூடப் பிறந்தவளுக்குக் கருமாதியோடு துக்கம் முடிந்துவிடும். எனக்கு மட்டும் வருஷம் முழுக்க நெற்றி காலியாக இருக்க வேண்டும். துக்கத்தை இப்படிப் படி போட்டு அளந்து கொடுத்தது யார்? என் கணவரோடு ஒரே கட்டிலில் படுத்தவள் நான். அவர் இல்லாத பக்கம் எனக்குத் தெரியும். அதை என் நெற்றியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியமில்லை. இதையெல்லாம் கத்திச் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எதிர் நாற்காலியைக் காட்டி, இன்னும் யார் வருகிறார்கள் என்று கேட்டார். கேட்டவர் தட்டின் ஓரத்தைப் பார்த்துவிட்டார். தன் கையால் போட்ட ஊறுகாய் அவருக்குத் தெரியாதா?

"ஒங்க தம்பிக்குத்தான்" என்றேன். "நாம இங்கேயே நின்னா அவரு சாப்பிட மாட்டாரு. வாங்க, அந்தப் பக்கம் போலாம்."

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். நாங்கள் மூன்று பேரும் கைப்பைகளைத் தூக்கிக்கொண்டு பழம் வைத்திருந்த இடத்துக்குப் போய், மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். தம்புன் ஊர்ப் பம்ப்ளிமாஸ் பழச் சுளை உரித்து அடுக்கியிருந்தது. யாரும் எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஆட்கள் தட்டோடு வரிசை நிற்கப் பார்த்து, நாங்கள் அசையாததைக் கண்டு சுற்றிக்கொண்டு போனார்கள். நாத்தனார் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"எறாவ உரிச்சு வச்சியா? அவனுக்கு உரிக்கத் தெரியாது."

"உரிச்சுத்தான் வச்சேன், அக்கா."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். எங்களில் மூத்தவர் அவர்தான். அவரே இருமினார். திரும்பினோம்.

மேசை சுத்தமாகத் துடைத்திருந்தது. தட்டைக் காணோம். புதுத் துணி, புதுக் கரண்டி, மடித்த காகிதம், எல்லாம் அடுத்தவர்களுக்குத் தயார். கைப்பையையும் எடுத்துக்கொண்டு எல்லாரும் எழுந்து போய்விட்டால் எந்த ஹோட்டலில்தான் துடைக்க மாட்டார்கள்? எங்களைத் தவிர யார் அப்படிப் போவார்கள்? மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. தட்டு எடுத்த மலாய்ப் பெண் பக்கத்து மேசையில் இருந்தாள். அவளைக் கேட்கப் போன மகளை நாத்தனார் கை நீட்டித் தடுத்தார். தானே அந்தப் பெண்ணிடம் போய், அந்த இடத்தைக் காட்டி, முடிந்துவிட்டதா என்று மலாயில் கேட்டார்.

"சுடா ஹாபிஸ், மக்சிக்" என்றாள் அவள், மரியாதையாக. எல்லாம் முடிந்துவிட்டது, அம்மா.

நாத்தனார் என் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டுட்டான்."

படையல் முடிந்தால் வீட்டார் சாப்பிட்டே ஆக வேண்டும், யாரும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. அதுவும் வழக்கம்தான். அப்படியென்றால் நான் இப்போது சாப்பிடலாம்தானே என்று அவரிடமே கேட்டேன். அவர் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, ஊறுகாய் போத்தலை எடு என்று கை நீட்டினார். நான் இரண்டு தட்டு நிறைய எறா கொண்டுவந்தேன். கையால்தான் சாப்பிட்டோம். நாலைந்து எறாவை அவரே உரித்து என் தட்டில் போட்டார். ஆட்டுத் தொடைக்கு நான் இரண்டாம் முறையும் போனேன். பலூன் மேசையில் இருந்து அவருடைய மருமகள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புறப்படும்போது நாத்தனார் என் காதருகே குனிந்தார்.

"இத லகாட்ல யாருகிட்டயும் சொல்லிராத லா."

சரி என்று நான் தலையாட்டவில்லை. லகாட்டுக்கும் தெரியட்டும், மற்ற ஊர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்த வருஷத்துக்கு நாலு பேருக்கு மேசை போடச் சொல்லி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.