கலியாண மாதத்துச் சம்பளம்

போன செவ்வாய்க்கிழமை மகளோடு மாங்குளம் சந்திக்குப் போயிருந்தேன். நிசார் கடையில் ஒரு கடிதம் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. நாலு பக்கம். லண்டனிலிருந்து மகளின் போனுக்கு வந்த கடிதம்.

போனிலேயே வாசிக்கலாம்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"தாளில கண்டால்தான் அப்பா எனக்கு நம்பிக்கை வரும்" என்றாள்.

நல்ல செய்தியை யாராவது இப்படித் தாளில் தேடுவார்களா? எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. வயது போய்விட்டது.

நிசார் மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். மகள் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். முதல் தாள் வெளியே வந்தது. அவர் அதை வாசிக்கவில்லை. ஆனால் தாளின் தலைப்பைக் கண்டதுமே முகம் மாறிவிட்டது. இந்தச் சந்தியில் எத்தனை பேருக்கு இப்படிக் கடிதம் எடுத்துக் கொடுத்தவர்...

"இல்லையெண்டுட்டாங்களோ தங்கச்சி?"

"ஓம் நானா."

"என்னவாம் காரணம்?"

"அவற்ற சம்பளம் காணாதாம்."

நிசார் காசு வேண்டாம் என்றார். மகள் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். விசா கிடைக்காதவர்களுக்கெல்லாம் சும்மா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் அவர் கடையை இழுத்து மூடிவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்தப் பத்தியைக் கொஞ்சக் காலமாக வாசிக்கிறவர்களுக்கு என் கடைசி மகள் தாரணியைத் தெரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். வாராவாரம் நான் சொல்லச் சொல்ல அவள்தான் போனில் தட்டி அனுப்புகிறாள். இதையும் அவள்தான் தட்டிக்கொண்டிருக்கிறாள். முன்பள்ளி ரீச்சர். போன வைகாசியில் அவளுக்குக் கலியாணம். மருமகன் குகனுக்கு லண்டனில் ஒரு சாமான் களஞ்சியத்தில் வேலை. வந்து, தாலி கட்டி, இருபத்தைந்து நாள் நின்றுவிட்டுப் போனார்.

அந்த இருபத்தைந்து நாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு நேரே சொல்ல வராது. உங்களுக்குத்தான் பழக்கமாயிற்றே.

சட்டம் இதுதான். பெண்சாதியைக் கூப்பிடுகிறவர் அங்கே இவ்வளவு உழைக்கிறார் என்று காட்ட வேண்டும். ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு மேலே நின்றால் பெண்சாதி வரலாம். கீழே நின்றால் போனில் கதைக்கலாம்.

இதை முதன்முதல் கேள்விப்பட்டவுடன் நான் என்ன செய்தேன் தெரியுமா? விதானையிடம் போனேன். எங்கள் பக்கத்தில் எந்தப் பிரச்சினையும் அந்த வாசலில்தான் தொடங்கும். இப்போதெல்லாம் கிராம சேவையாளர் என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு இருப்பவர் ஒரு பெண்பிள்ளை, நல்ல பிள்ளை.

"தங்கச்சி, எனக்கு வருமானம் இருக்கெண்டு ஒரு கடிதம் தாருங்கோ" என்றேன்.

அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஐயா, போன வருசம் வருமானம் இல்லையெண்டு என்னட்டைத்தானே கடிதம் வாங்கினீங்கள்?"

"அது உதவிக் காசுக்கு. இது லண்டனுக்கு."

"ரெண்டுக்கும் ஒரே ஆள்தானே ஐயா?"

சிரித்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆட்களுக்கு இருக்கிற பழக்கமெல்லாம் 'இல்லை' என்று காட்டுகிற பழக்கம்தான். நிவாரண அட்டைக்கு வரிசையில் நின்றபோது இல்லை என்று காட்டினோம். முகாமில் பாய்க்கும் வாளிக்கும் இல்லை என்று காட்டினோம். அந்த நேரம் காட்டுவதற்குப் பெரிய கஷ்டமும் படவில்லை, உண்மையாகவே ஒன்றும் இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் சேர்ந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டுத்திட்டத்துக்கு ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றதும் என் மனிசி ஆறு பிளாஸ்டிக் கதிரையில் நாலைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டா. வந்த இரண்டு பேரையும் மிச்சம் இரண்டிலும் இருத்திவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். "உங்களுக்கு இருக்கக் கதிரை இல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். கேட்டுவிட்டு என்னவோ எழுதினார். வீடு கிடைத்தது. அது கதிரைக்காகக் கிடைத்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கதிரையை ஒளிக்கத் தெரிந்தவனிடம் வந்து, உன்னிடம் இருப்பதைக் காட்டு என்றால் எப்படி?

தாரணிதான் விளங்கப்படுத்தினாள். "அப்பா, லண்டன்காரருக்கு உங்கட ரெண்டேக்கர் வயல் தேவையில்லை. என்ர முன்பள்ளிச் சம்பளமும் தேவையில்லை. அவற்ற சம்பளம் மட்டும்தான்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. குகன் சோம்பேறி இல்லை. இரண்டு பேர் தூக்குகிற பெட்டியை ஒருவராகத் தூக்குகிறவர். கோட்டுக்கு மேலே நிற்பார் என்று நம்பினேன்.

பிறகு கடதாசி சேர்க்கிற வேலை. கலியாண எழுத்து, கலியாணப் படம், இங்கிலிஷ் சோதனை, காசநோய் பார்க்கக் கொழும்பில் நெஞ்சுப் படம்... இவர்கள் உண்மையான புருசன் பெண்சாதிதான் என்பதற்கு, இரண்டு பேரும் போனில் எழுதிக் கதைத்ததெல்லாம் வேண்டுமாம். அதையும் நிசார் கடையில்தான் எடுத்தோம். தாள் தாளாக வந்துகொண்டே இருந்தது.

"தங்கச்சி, நான் வாசிக்கேல்லை. அங்காலதான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார் நிசார்.

"வாசிச்சாலும் ஒண்டுமில்லை நானா. என்ன கறியெண்டு கேட்டிருப்பார். கத்தரிக்காயெண்டு சொல்லியிருப்பன்."

லண்டனில் ஒரு உத்தியோகத்தர் கதிரையில் சாய்ந்திருந்து எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்க் கறியை வாசித்திருப்பார். ஒன்று சொல்ல வேண்டும். கலியாணம் பொய் என்று அவர்கள் ஒரு வரியும் எழுதவில்லை. கத்தரிக்காயை நம்பிவிட்டார்கள். சம்பளத்தில்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்து மாதம் காத்திருந்த பிறகு வந்த கடிதம்தான் செவ்வாய்க்கிழமைக் கடிதம்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் தாரணி நாலு பக்கத்தையும் வாசித்தாள். நான் அவளின் முகத்தை வாசித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதுதான் வாசிக்கத் தெரியும்.

"ஆறு மாசச் சம்பளத் துண்டு குடுத்தது அப்பா. அஞ்சு சரி. ஒண்டு குறைவாம். குறைஞ்ச மாசத்தை வைச்சுத்தான் கணக்குப் பாப்பினமாம்."

"எந்த மாசமாம்?"

"அவர் இஞ்ச நிண்ட மாசம்."

வவுனியாப் பக்கமிருந்து பஸ் வந்தது. ஏறினோம். இருக்க இடமும் கிடைத்தது. தாரணி நாலு தாளையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

இதில் உள்ள வேடிக்கையைப் பார்த்தீர்களா? அந்த மனிசன் இங்கே வராமல், கலியாணம் கட்டாமல், பெட்டி தூக்கிக்கொண்டே இருந்திருந்தால் பெண்சாதியைக் கூப்பிடுகிற தகுதி அப்படியே இருந்திருக்கும். கூப்பிடப் பெண்சாதிதான் இருந்திருக்க மாட்டாள்.

சரி. இனிச் சுற்ற இடமில்லை. சொல்கிறேன்.

குகனுக்குக் கிடைத்த லீவு பதினாலு நாள். அவர் நின்றது இருபத்தைந்து நாள். மிச்சப் பதினொரு நாளும் ஏன் நின்றார் என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "அவராத்தான் விருப்பப்பட்டு நிண்டவர்" என்று சொன்னேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன்.

அவராக நிற்கவில்லை. நான்தான் மறித்தேன்.

கடைசிச் சண்டை நேரம், முள்ளிவாய்க்கால் கரையில், தாரணி மூன்று நாள் எங்களைத் தவறவிட்டுவிட்டாள். பதின்மூன்று வயது. மனிசி மணலில் இருந்துகொண்டு வற்றாப்பளை அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டா. பிள்ளை கிடைத்தால் அவள் கலியாணம் கட்டி, புருசனோடு வந்து அம்மன் வாசலில் பொங்குவாள் என்று நேர்ந்தா. நாலாம் நாள் பிள்ளை கிடைத்தாள். இதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி நான் இந்தப் பத்தியில் சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

கலியாணம் முடிந்தது. அம்மன் கோயிலில் வருசாவருசம் நடக்கிற வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் நாள் கிடந்தது. குகன் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டார். மாமியார் கொடுத்த மிளகாய்த்தூளுக்கு இடமில்லாமல் தன் சப்பாத்தை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரை வயல் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்கால் கட்டில் நின்று கதைத்தோம்.

"தம்பி, பொங்கல் முடியப் போங்கோவன்."

"லீவு முடியுது மாமா. இனி நிண்டால் சம்பளம் வெட்டுவினம்."

"எத்தினை நாளைக்கு?"

"பதினொரு நாள்."

"பதினொரு நாளில என்ன வந்துடப் போகுது?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "விசாவுக்கு ஏதும் பிசகுமோ தெரியேல்லை மாமா. ஒருக்கா லோயரைக் கேட்டுப் பாப்பமோ?"

"அம்மாளாச்சி பார்த்துக்கொள்ளுவா. இதுக்கென்னத்துக்கு லோயர்?"

அவர் லோயரைக் கேட்கவில்லை. நின்றார். மாமனாரின் சொல்லுக்கு மறுசொல் சொல்லாத மருமகன் கிடைத்திருக்கிறார் என்று நான் கிளிநொச்சி வரைக்கும் சொல்லித் திரிந்தேன். ஒரு மறுசொல் சொல்லியிருக்கலாம் அந்தப் பிள்ளை.

பொங்கல் நல்லாகத்தான் நடந்தது. குகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பை ஊதினார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. தாரணி அரிசி போட்டாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்றார்கள். மனிசி அழுதா. லண்டன் இருப்பது மேற்குப் பக்கம் என்று அந்த நேரம் ஒருவரும் யோசிக்கவில்லை.

இப்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடதாசி, காசு, நெஞ்சுப் படம்... எல்லாம். அன்றைக்குப் பின்னேரம் குகன் போன் எடுத்தார்.

"பரவாயில்லை மாமா. இனி ஒரு நாளும் விடாமல் வேலைக்குப் போவன். ஒரு துண்டும் குறையாது."

இடையிடையே இருமினார். காய்ச்சலாம். காய்ச்சலோடுதான் பெட்டி தூக்கப் போகிறார். "ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நிக்கச் சொல்லன் பிள்ளை" என்று தாரணியிடம் சொன்னேன்.

"எப்பிடியப்பா சொல்லுறது? நிண்டால் இந்த மாசமும் குறைஞ்சிடும்" என்றாள்.

ஒரு பெண்சாதி தன் புருசனைக் காய்ச்சலுக்குப் படுக்கச் சொல்ல முடியாமல் இருக்கிறாள். என் பதினொரு நாள் அங்கே போய் நிற்கிறது.

இதுவரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினேன். தாரணியின் விரலும் நின்றுவிட்டது. நான் அவளின் முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதைச் சொல்லவோ அப்பா இவ்வளவு சுத்தினீங்கள்?" என்றாள். "அவர் அண்டைக்கே சொன்னவர்."

"எண்டைக்கு?"

"வாய்க்கால் கட்டில கதைச்சிட்டு வந்த அண்டைக்கே. மாமா கேட்டவர், தனக்கு மறுக்க மனம் வரேல்லையெண்டு."

"பிறகேன் நீ ஒண்டும் சொல்லேல்லை? லோயரைக் கேளுங்கோ எண்டாவது சொல்லியிருக்கலாமே."

அவள் போனை மடியில் வைத்தாள்.

"எனக்கும் அவர் நிக்க வேணும் போலத்தானே அப்பா இருந்தது."

சொல்லிவிட்டு அதையும் தட்டினாள். எடுத்துவிடச் சொன்னேன். கிடக்கட்டும் என்றாள்.

குசினிக்குள்ளிருந்து மனிசியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறா.

"இஞ்சருங்கோ, இந்த முறை விசா கிடைச்சால் ரெண்டு பேரும் லண்டனிலயிருந்து வந்து பொங்குவினமெண்டு நேந்திருக்கிறன்."

"பொங்கட்டும்" என்றேன். "ஆனால் சம்பளத்தோட லீவு கிடைச்சால் மட்டும்தானெண்டு அம்மாளாச்சியிட்டை வடிவாச் சொல்லிவிடும்."