கிரிஸ்டலுக்குப் போட்ட சாம்பிராணி

கடிகாரத்துக்கும் டி.வி.க்கும் உள்ளே விடாமல் துடிக்கிற ஒரு சில்லு இருக்கிறது. அந்தத் துடிப்பைச் சரிபண்ணிக் கொடுக்கிறதுதான் எங்கள் பிழைப்பு. தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் வாங்க, இது நம்ம கதை.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். எட்டாங்கிளாஸ் பெயில். ஆறு மாசம் டிரெய்னி, வேலை சுத்தமாக இருந்தால் பெர்மனென்ட். வீட்டுக்காரர் குவாரியில் கால் உடைந்து படுத்திருந்தார். அதனால் அந்த பெர்மனென்ட் லெட்டரைத்தான் நான் ராத்திரியும் பகலும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மேக்கப்

கிரிஸ்டல் என்பது சுண்டு விரல் நகத்தைவிடச் சின்ன, கண்ணாடி மாதிரி ஒரு வில்லை. கரண்டு கொடுத்தால் விநாடிக்கு நாற்பது லட்சம் தடவை அதிரும். அதைத் தாண்டி வேகமாக அதிர்ந்தால் அதன்மேல் வெள்ளி ஆவியைத் துளித்துளியாகப் படியவிட வேண்டும். பாரம் ஏற ஏற வேகம் குறையும். மீட்டரில் நம்பர் சரியாக வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு நொடி அசந்து வெள்ளி கூடிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, குப்பைதான்.

முதல் நாள் நான் கனகாம்பரமும் பாண்ட்ஸ் பவுடருமாகப் போய் நின்றேன். எங்கள் லைனுக்குப் பெரியவள் விக்டோரியா அக்கா, ஒரு சில்லை மீட்டரில் மாட்டி, என்னைக் கிட்டே குனியச் சொன்னாள். குனிந்தேன். நம்பர் சரசரவென்று இறங்கியது. அக்கா சிரிக்கவே இல்லை.

"உன் அழகு பூரா சில்லு மேல ஏறிக்கினு கீது பாரு. போய் மூஞ்சிய கழுவிக்கினு வாடி."

செங்கல்பட்டு வண்டி

பெருங்களத்தூரில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் எங்கள் கம்பெனி. அந்தச் செங்கல்பட்டு வண்டி என்றைக்கு வரும் என்று சொல்லலாம், எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஒரே மாசத்தில் ஒன்பது நாள் லேட். சூப்பர்வைசர் ரகுநாதன் சார் அதிர்ந்து பேசாதவர், ஆனால் டிரெய்னிகளின் ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர்தான். வண்டியின்மேல் பழியைப் போட்டேன். அவர் என் டிரேயில் அடுக்கியிருந்த சில்லுகளைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாற்பது லட்சத்துல நாலு குறைஞ்சா கண்டுபிடிக்கிறே. நாற்பது நிமிஷம் போனது மட்டும் உனக்குத் தெரியலையாம்மா?"

ஆயுத பூஜை

அந்த வருஷம் பம்பாய்க்குப் போய்க் கப்பலேற வேண்டிய சரக்கு என் கையில் இருந்தது. சரக்கு எடுக்கிற கம்பெனிக்காரர் மாதவன், பம்பாயிலேயே குடியேறின நம்ம ஊர்க்காரர், நேரிலேயே வந்து சோதிக்கப் போகிறார் என்று சொல்லியிருந்தார்கள். இதில் நல்ல பேர் வாங்கினால் லெட்டர் நிச்சயம்.

உள்ளே புகை ஆகாது, பூஜையை வெளி வராந்தாவில்தான் வைக்க வேண்டும் என்பது சாரின் கண்டிப்பு. வைத்தோம். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் ஆச்சு. எல்லாரும் பொரி அள்ளுகிற நேரத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. சோறு போடுகிற மெஷின் உள்ளே இருக்க, சுவருக்கா சாம்பிராணி? தூபக்காலோடு உள்ளே நுழைந்து மெஷினை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். இன்னும் மூடி போட்டு அடைக்காத இரண்டு டிரே சில்லுகள் பக்கத்திலேயே திறந்து கிடந்தன.

விஜயதசமி கழித்து மீட்டரில் மாட்டினால், நான் சரிபண்ணி வைத்த ஒவ்வொன்றும் வேகம் குறைந்திருக்கிறது. சார் முகம் சுண்டிவிட்டது. வெள்ளியைக் கூடுதலாக ஏற்றிவிட்டேன் என்று நினைத்தார். அப்படியானால் மொத்தமும் குப்பை, கூடவே நானும். வாசலில் மாதவன் வந்து இறங்கிவிட்டார்.

விக்டோரியா அக்கா முகமூடியை இறக்கி டிரேயை முகர்ந்து பார்த்தாள். என்னையும் ஒரு தரம் பார்த்தாள். முகமூடியைத் திரும்ப ஏற்றிக்கொண்டாள். புகையைச் சொன்னால் சட்டத்தை மீறினதற்கு என்னை அனுப்பிவிடுவார்கள், சொல்லாவிட்டால் சரக்கு வீணாய்ப் போகும். மாதவன் இருக்கிறார் என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

"சார், அது வெள்ளி இல்ல. சாம்பிராணி."

சார் ஓடிப்போய்ச் சில்லுகளை மருந்துத் தண்ணீரில் அலசினார், அடுப்பில் காயவைத்தார். மத்தியானம் மீட்டரில் மாட்டியபோது நம்பர் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்கு ஏறி வந்து நின்றது. இரண்டு டிரேயில் ஏழோ எட்டோதான் தேறவில்லை. மாதவன் கடைசிச் சில்லு வரை பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"எல்லா ஊர்லயும் கிரிஸ்டல் ஸ்லோ ஆனா மெஷினைத் திட்டுவேன் சார். இங்கதான் யாரைத் திட்டுறதுன்னு தெரியல, சாமி குத்தம் ஆயிடும்."

லெட்டர்

ஆறாவது மாசம் சார் கூப்பிட்டு லெட்டரை நீட்டினார். நான் வாங்கப் போனேன், அவர் பிடியை விடவில்லை.

"சாம்பிராணியைத் தண்ணில அலசிட்டேன். அந்த ஒன்பது லேட்டை எதுல அலசறதும்மா?"

கேட்டுவிட்டுத்தான் பிடியை விட்டார். விநாடியை நாற்பது லட்சம் துண்டாக எண்ணிச் சம்பளம் வாங்கின நான், அன்றிலிருந்து இன்றுவரை வீட்டுக் கடிகாரத்தை மட்டும் பத்து நிமிஷம் முன்னால் தள்ளியே வைத்திருக்கிறேன்.