உப்புத் தண்ணியில் கொட்டலசுகள்

என் கொட்டலசுகளைக் கொன்றது நீங்கள்தான். நான் விடுப்பில் போனது காரணம் இல்லை. ஆய்வகத்தைக் கூட்டிக் கழுவும் அக்காவும் காரணம் இல்லை. துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் முதலில் இருந்து எழுதுகிறேன்.

கோவையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். வடவள்ளிப் பக்கம் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கொட்டலசு என்றால் இங்கே பலருக்குத் தெரியாது. கடலோரப் பாறையிலும் படகின் அடியிலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும், மிதித்தால் காலைக் கிழிக்கும், அதுதான். பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் இறாலுக்கும் நண்டுக்கும்தான் உறவு. குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரிந்து இடம் தேடும். பிடித்த இடத்தில் தலையை ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுவர் எழுப்பிக்கொள்ளும். அப்புறம் சாகும்வரை அங்கேதான். சுவரின் உச்சியில் ஒரு வாசல், அதற்குக் கதவு. கதவைத் திறந்து, இறகு போன்ற கால்களை வெளியே வீசி, தண்ணீரில் வருவதைப் பிடித்துத் தின்னும்.

நகர முடியாத ஒரு உயிர், தன்னைச் சுற்றியுள்ள தண்ணீர் மாறினால் என்ன செய்யும்? இதுதான் என் வேலை. கேரளத்துப் பொன்னானியில் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து கல்லோடு எடுத்து வந்தேன். மழைக்காலத்தில் அங்கே ஆறு பெருகி வந்தால் உப்பு ஒரேயடியாக இறங்கிவிடும். மீன் ஓடிவிடும். கொட்டலசு கதவைச் சாத்திக்கொள்ளும். உள்ளே கொஞ்சம் பழைய கடல்நீர் தங்கியிருக்கும். அதை வைத்துக்கொண்டு, மூச்சைக் குறைத்து, பட்டினி கிடக்கும். நடுவில் ஒரு கீற்று திறந்து பார்க்கும். சரியில்லை என்றால் மறுபடி சாத்தும். உப்பு மெதுவாக இறங்கினால் வேறு விதம். கதவைத் திறந்தே வைத்து, தன் உடம்பின் உப்பையும் தண்ணீரோடு சேர்த்து இறக்கிக்கொள்ளும். எவ்வளவு மெதுவாக இறக்கினால் அது கதவைச் சாத்தாமல் இருக்கும் என்று மூன்று மழைக்காலமாகப் பார்த்து வந்தேன்.

இந்த ஊரில் இதைப் பேச எனக்கு ஆள் கிடையாது. உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு வரும் வண்டிக்காரர் ஒருவர் பொன்னானியிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவந்து தருவார். அவர் ஒருவர்தான் விசாரிப்பார். "ஏனுங்க டீச்சர், அத்தன பேரும் மீன் வாங்கறாங்க, நீங்க மட்டும் கடல வாங்கறீங்க. கொழம்பு வெக்கறீங்களா?" என்பார். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் அண்ணன் அதுகூடக் கேட்க மாட்டார். "அந்தப் பூச்சிய உட்டுப்போட்டு இங்க வந்து இரு கண்ணு" என்பதோடு சரி.

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று அங்கேதான் போனேன். போகும்போது அக்காவையும் வைத்துக்கொண்டு உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். தொட்டியில் தண்ணீரை மாற்ற வேண்டாம், மட்டம் குறைந்தால் நல்ல தண்ணி ஒரு டம்ளர் ஊற்றினால் போதும் என்றேன். காரணமும் சொன்னேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே "சரிங்க மேடம்" என்றீர்கள்.

திரும்பி வந்தபோது தொட்டிக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. உள்ளே கலர் கலராகக் கப்பி மீன்கள் நீந்தின. அடியில் நீலக் கூழாங்கல். என் கற்கள் இல்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"காலேஜப் பாக்க ஆய்வுக் குழு வருதுன்னு தொட்டியக் கழுவச் சொன்னாருங்க அம்மணி. பாசி புடிச்சிருக்குதுன்னாருங்க."

"நல்ல தண்ணி கொஞ்சமா ஊத்துனா போதும்னு நான் சொன்னது?"

"நான் கேட்டனுங்க. மேடம் நல்ல தண்ணின்னாங்களேன்னு கேட்டேன். கடல் பிராணிக்கு நல்ல தண்ணி எதுக்குங்க, உப்புத் தண்ணி புடிங்கன்னாருங்க. அந்தக் கொழாயிலதான் புடிச்சு ரொப்புனேன்."

கோவைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் எந்தக் கட்டடத்திலும் இரண்டு குழாய். நல்ல தண்ணி என்றால் குடிக்கும் ஆற்றுத் தண்ணீர். உப்புத் தண்ணி என்றால் குளிக்கவும் கழுவவும் வரும் போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளை படியும், அதனால் அந்தப் பெயர். கடல்நீரோடு வைத்துப் பார்த்தால் அதில் உப்பே இல்லை. கொட்டலசுக்கு அதுவும் மழை வெள்ளமும் ஒன்றுதான். பட்டுப்புழுவில் முனைவர் பட்டம் வாங்கிய நீங்கள், உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் குழாயைக் காட்டினீர்கள். என்னைத் திருத்துவதாக வேறு நினைத்துக்கொண்டீர்கள்.

அத்தனையும் கதவைச் சாத்திக்கொண்டன. குழு வந்து பார்த்தபோது எதுவும் அசையவில்லை. குழு போனதும் செத்துப்போச்சு என்று முடிவு கட்டி, கட்டடத்துக்குப் பின்னால் கொட்டச் சொல்லிவிட்டீர்கள்.

பின்னால் போய்ப் பார்த்தேன். உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே, மொட்டை வெயிலில், கற்கள் கிடந்தன. பலவற்றில் கதவு பிளந்து எறும்பு போய்க்கொண்டிருந்தது. சிலவற்றில் கதவு இறுக்கமாகச் சாத்தியிருந்தது. அந்தக் கற்களை மட்டும் ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். குளியலறையில் மிச்சம் ஒரு கேன் கடல்நீர் இருந்தது. முதலில் பாதி நல்ல தண்ணி கலந்து அதில் வைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பை ஏற்றினேன். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்துபோய்ச் செய்ய வேறு வேலையும் இல்லை, எனக்காகக் காத்திருக்க ஆளும் இல்லை. வெளியே பால்காரர் வண்டிச் சத்தம் கேட்ட நேரத்தில் ஒன்று கதவை ஒரு கீற்று திறந்தது. சாத்தியது. மறுபடி திறந்து காலை வீசியது. அப்புறம் இன்னொன்று.

அப்படியானால் உங்கள் குழாய்த் தண்ணீரிலும் அவை உயிரோடுதான் இருந்திருக்கின்றன. நீங்கள் வெயிலில் கொட்டிய பிறகுதான் செத்தன.

துறைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், அசையவே இல்லீங்களே. பேனாவுல தட்டிக்கூடப் பாத்தமுங்க" என்றீர்கள்.

"கதவு சாத்தியிருந்துச்சா, தெறந்திருந்துச்சா சார்?"

"சாத்தித்தானுங்க இருந்துச்சு."

"செத்தா அதால கதவப் புடிச்சு வெக்க முடியாது சார். தொறந்துக்கும். சாத்தியிருந்தா உசுரு இருக்குதுன்னு அர்த்தம்."

தாவரவியலில் இருந்து வந்திருந்தவர் குறுக்கே புகுந்தார். "நம்ம ஹாஸ்டல் பசங்க மாதிரி கதவச் சாத்திட்டுத் தூங்கியிருக்குமுங்க." எல்லோரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க, மேடம் பாவம்" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். பிறகு முதல்வர் பக்கம் திரும்பினீர்கள். "மேடம் ஊருக்குப் போன நேரத்துல கவனிப்பில்லாமப் போயிருச்சுங்க. நம்ம ஆயாவும் தெரியாமத் தண்ணிய மாத்திப்போட்டாங்க." அக்கா அப்போது டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தார். முதல்வர் தலையாட்டினார். செத்த பிராணிக்கு எதற்கு ஒரு ஆய்வகம், ஸ்டோராக்கிவிடலாம் என்று முடிவானது. அதோடு கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

மறுநாள் அக்காவிடம், நான் முதல்வரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"உடுங்க அம்மணி. எம் பேச்ச நம்பி ஆரு கேக்கறாங்க" என்றார். அதற்குப் பிறகு மதியம் என் அறைக்கு வந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். என்னோடு சேர்ந்து தெரிந்தால் தனக்கு வேலை போய்விடும் என்று பயம். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. இப்போது நான் தனியாகச் சாப்பிடுகிறேன்.

பிழைத்தவை என் குளியலறையில் இருக்கின்றன. விரல் விட்டு எண்ணலாம். தனித்தனிக் கல்லில் தூரம் தூரமாக இருந்தன. கொட்டலசுக்கு எட்டும் தூரத்தில் இன்னொன்று இருந்தால்தான் குஞ்சு உண்டு. கற்களை நகர்த்தி வாய்க்கு வாய் கிட்ட வரும்படி வைத்திருக்கிறேன். பலன் இருக்குமா என்று தெரியாது.

நீங்கள் தனியாக வந்து டீ வாங்கிக்கொடுத்து வருத்தம் சொல்ல வேண்டாம். ஒரு தடவை முயற்சி செய்தீர்கள், நான் எழுந்து போய்விட்டேன். அடுத்த கூட்டத்தில், அதே முதல்வர் முன்னால், அதே ஆட்கள் முன்னால், அக்காவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தக் குழாயில் பிடிக்கச் சொன்னது யார்? கதவு சாத்தியிருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் வெயிலில் கொட்டச் சொன்னது யார்? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.