உயிரோடு இருந்தவருக்கு ஓர் ஒப்பாரி

ராமுத்தாய் கட்டிய பாட்டு எதை எடுத்தாலும் அதற்குள் சிறுமலைப் பாதையின் வளைவு ஒன்று இருக்கும். சின்ன வயதில் அவளும் அண்ணன் சுருளிவேலும் வாழைத்தார் சுமந்து அந்தப் பாதையில்தான் இறங்கினார்கள். தங்கை முன்னால், அண்ணன் பின்னால். தலையில் சுமை இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போகிறவர் பாட்டாகவே கேட்பார்: "வளைவு தாண்டி வந்தியா?" பின்னால் வருகிறவரும் பாட்டாகவே பதில் சொல்வார்: "வந்துட்டேன், நீ நட."

அந்த மெட்டை வைத்துத்தான் திண்டுக்கல் பக்கத்துத் திருவிழா மேடைகளில் அவள் பேர் வாங்கினாள். பூட்டுப் பட்டறைக்கு ஒரு பாட்டு, மல்லிகை பறிக்கிறவர்களுக்கு ஒரு பாட்டு, கேரளா போகும் காய்கறி லாரிக்கு ஒரு பாட்டு. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே கட்டிவிடுவாள்.

பேகம்பூரில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த அக்மல் ஓர் ஒப்பாரி கேட்டான். செத்தவரின் பேரும் முறையும் வராமல் ஒப்பாரி எடுபடாது. அவள் கண்ணை மூடிப் பாடினாள். சுருளிவேல் அண்ணே என்று தானாக வந்து விழுந்தது. அக்மல் பதிவை நிறுத்தினான்.

"அக்கா, அவரு நல்லாத்தானே இருக்காரு?"

வேறு பேர் போட்டுப் பார்த்தாள். குரல் உடைய மறுத்தது. "வெறும் பாட்டுத்தானே தம்பி" என்று அண்ணன் பேரையே வைத்துக்கொண்டாள்.

அக்மல் இணையத்தில் போட்ட அந்தப் பாட்டு வீடியோ எங்கும் பரவியது. சுருளிவேல் அப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். பாட்டை நம்பிய வியாபாரி ஒருவர் மாலையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, எடுக்கிறது எத்தனை மணிக்குங்க?" என்று கேட்ட பிறகுதான் கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்தார். "நான் கிளம்பணும்ல, செத்த நேரம் உக்காருங்க" என்றாராம் சுருளிவேல். தங்கைக்குப் போன் போட்டு இதைச் சொல்லிச் சிரித்தார். அவளோடு அவர் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த மாதம் லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு போனது. அவர் மனைவி கௌசல்யா, பாட்டைத் தவிர வேறெதையும் காரணமாக ஏற்கவில்லை. பார்க்கப் போன ராமுத்தாயை வாசலோடு திருப்பி அனுப்பினாள். உள்ளே படுத்திருந்த அண்ணன் கூப்பிடவில்லை. அவரும் நம்பிவிட்டாரா? அந்தக் கேள்வி அவளைத் தின்றது. எத்தனையோ தடவை போன் அடித்தாள், அவர் எடுக்கவேயில்லை.

அக்மல் வீடியோவை எடுத்துவிட்டான். ஆனால் இழவு வீட்டுக்கு மைக் செட் போடுகிறவர்களின் பென் டிரைவில் ஏறிய பாட்டை யார் இறக்குவது?

போன ஐப்பசியில் அண்ணன் நிஜமாகவே போய்விட்டார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெருமுனையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. மைக் செட்காரனுக்கு எதுவும் தெரியாது. பேர் பொருந்துகிறதே என்று அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான்.

கௌசல்யா இந்தத் தடவை தடுக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள்.

"அவுக இருக்கும்போதே பாடி முடிச்சிட்டியே" என்றாள், குரலை உயர்த்தாமல். "இன்னும் என்ன வச்சிருக்க?"

ராமுத்தாய் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் பேகம்பூர் அறையில் கொட்டிவிட்டிருந்தாள். மற்றப் பெண்கள் மாரடித்துப் பாட, ஊரறிந்த பாட்டுக்காரி வாய் திறக்காமல் அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். பாடை ரோட்டு வளைவில் திரும்பி மறைந்தது. இந்தத் தடவை அண்ணன் முன்னால், அவள் பின்னால். முன்னால் போகிறவர்தான் கேட்க வேண்டும். கொட்டுச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். மற்றவர்கள் குளிக்கத் திரும்பிவிட்டார்கள்.

பிறகு, கேட்காத கேள்விக்கு மெதுவாகப் பாடினாள்:

"வந்துட்டேன், நீ நட."