நீலம் நல்லா ஏறியிருக்கு

பிள்ளைகளா, உங்களைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பெங்களூருக்குப் போய்ப் போய் வந்தது அம்மாவின் முதுகு வலிக்காக அல்ல. அது நாங்கள் சொன்ன பொய். அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். மெதுவாக வளர்கிற வகை என்றார் டாக்டரம்மா. அதிலும் பிரிவு உண்டாம். ஒன்றுக்குத் தினசரி மாத்திரை நன்றாகக் கேட்கும், இன்னொன்றுக்குக் கேட்காது. எது என்று பார்க்க இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். "சாயம் போட்டுப் பாத்தாத் தெரியும்" என்றார்.

சாயம் எனக்குத் தெரியும். ஓசூர் கம்பெனியில் என் வேலையே அதுதான். வார்ப்பின் மேல் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடிப்போம். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு கிளம்பும். கிளம்பினால் அந்தப் பீஸ் ரிஜெக்ட்.

அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க, நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமலே அம்மாவோடு கிளம்பினேன். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நகரவே இல்லை. அம்மா என் தோளில் சாய்ந்து கிடந்தாள். ஆஸ்பத்திரி லேப்பில் இருந்த பெண் ரிப்போர்ட்டை நீட்டி, "நீலம் நல்லா ஏறியிருக்குண்ணா, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள்.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றாள் அம்மா.

"கலர் ஏறிடுச்சாம்."

"ஓஹோ. உங்க கம்பெனி பீஸ் மாதிரி என்னையும் ஓரமாத் தூக்கிப் போடப் போறீங்களா? எழுந்திரிங்க, மொதல்ல டாக்டரம்மாவைப் பாப்போம்."

என் பயத்தைச் சொன்னதும் டாக்டரம்மா சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். "சாயம் ஏறினாத்தான் எங்களுக்கு அடையாளமே தெரியும். ஒரு வகை ரத்த அணு நீலமாகும், இன்னொண்ணு பழுப்பாகும். பழுப்பு நெறைய இருந்தாத்தான் கவலை. இவங்களுக்குப் பெரும்பாலும் நீலம். மாத்திரை கேக்குற வகை மாதிரிதான் இருக்கு. ஜீன் டெஸ்ட்டும் அதையே சொல்லிட்டா ஆரம்பிச்சிடலாம்."

"எத்தனை நாளைக்கு மேடம்?"

"தினமும். ஒரு நாள்கூட விடக்கூடாது."

"பாத்தீங்களா, நான் பாஸ்" என்றாள் அம்மா. எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க அவள் உள்ளே போனாள். வராந்தாவில் நான் மட்டும். போனை எடுத்து, ராத்திரி எட்டு மணிக்கு அலாரம் வைத்தேன். எந்தெந்தக் கிழமை என்று கேட்டது. ஏழு நாளையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். மாத்திரையை இன்னும் எழுதியே தரவில்லை.